கண் ஒரு கட்சிக்கு, சிரிப்பு மறு கட்சிக்கு

லான்மடாவில் நம் தெரு முனையில் புதிதாக ஒரு குன்யாக் கடை வந்திருக்கிறது. வெற்றிலை மடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன மேசை, நாலு மூங்கில், மேலே கூரைக்கு ஒரு பழைய ஃப்ளெக்ஸ். நேற்று மழை விட்டு வெயில் அடித்தபோது அதிலிருந்து அந்த வாடை கிளம்பியது. சூடேறிய பிளாஸ்டிக்கும் பழைய மையும் கலந்த வாடை. இத்தனை வருடம் ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து டிசைன் செய்கிறவளுக்கு அது புதிதில்லை. ஆனாலும் நிமிர்ந்து பார்த்தேன். கூரையின் உள்பக்கத்தில், சுண்ணாம்புக் கிண்ணத்துக்கு நேர் மேலே, உன் கண்கள் இரண்டும் இருந்தன. மூக்கு பாதி. அதற்குக் கீழே நீ இல்லை.

"இது யாரு?" என்று கடைக்காரனிடம் கேட்டேன்.

"தெரியாது. அழுற பொம்பள. ஏதாவது சினிமாவா இருக்கும்" என்றான். பிறகு, நான் குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, "நல்ல கெட்டி. இந்த மழைக்கும் ஒழுகல" என்றான்.

சங்கக் கட்டிடத்தை இடிக்க வேண்டாம் என்று ஓட்டுக் கேட்ட வேண்டாம் கட்சி செய்த வேலைகளில் ஒழுகாமல் நின்றது அது ஒன்றுதான். அதை அவனிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லியிருப்பேன். நீ கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பாய். நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் முடியப்போகிறது. இதைச் சொல்ல இன்னும் வேறு ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.

நீ அழவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் படத்தை எடுத்தவள் நான். தீமிதி முடிந்து வெளியே வந்தபோது வெயில் முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீ வாய் கொள்ளாமல் சிரித்தாய். யாரோ ஒருவர் வேட்டி தடுக்கி விழப்போனதைப் பார்த்து வந்த சிரிப்பு. அந்தப் படம் என் கைப்பேசியில் சும்மா கிடந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நம் சங்கக் கட்டிடத்தைப் பற்றி அந்தக் கடைக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் அதன் நிழல் விழுந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். கீழே கூடம், நடுவில் அலுவலகம், மூன்றாம் மாடியில் ஆறு அறைகள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உன் தாத்தாவுக்குக் கோவில் சங்கம் கொடுத்த அறையில் உன் அப்பா பிறந்தார், நீ பிறந்தாய். லைங் தாயாவில் ஆடைத் தொழிற்சாலையில் பத்து வருடம் காலர் மட்டும் தைத்துவிட்டு, போதும் என்று வந்து அந்த அறை ஜன்னலோரம் உன் மிஷினைப் போட்டாய். நம் பெண்கள் பாதிப்பேருக்கு உன் கைதான் ரவிக்கை தைத்தது. நம் ஆண்கள் பாதிப்பேருக்கு உன் கைதான் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டது. அந்த ஜன்னல் வெளிச்சமும், படியேறி வருகிற ஆட்களும், அதுதான் உன் பிழைப்பு.

கட்டிடத்தை இடித்துப் பன்னிரண்டு மாடி கட்டுவது என்ற பேச்சு வந்தபோது நாம் இருவரும் நம்பவில்லை. காண்டிராக்டருக்கு மேல்மாடிகள், சங்கத்துக்குக் கீழ்மாடிகள், குடியிருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே மாவ்பியில் 'தற்காலிக ஏற்பாடு'. சங்கத்தின் விதிப்படி உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும். வேண்டும் என்றால் பச்சைச் சீட்டு, வேண்டாம் என்றால் மஞ்சள் சீட்டு. கூடத்தில் இருக்கும் உண்டியலில் போட வேண்டும். ஊரில் மற்ற ஓட்டுகளைப் பற்றி யாரும் வாய் திறக்காத காலம் இது. அடக்கி வைத்திருந்த அத்தனை வெறியையும் நம் ஆட்கள் இந்த ஒரு உண்டியலில் கொண்டுவந்து கொட்டினார்கள்.

உனக்கு ஓட்டில்லை. உன் அப்பாவின் உறுப்பினர் சீட்டு மகனுக்குத்தான் போகும், மகன் இல்லையென்றால் அதோடு முடியும். எனக்கும் இல்லை. என் அப்பாவின் சீட்டு தம்பிக்குப் போனது. அவன் மலேசியாவில் இருக்கிறான், சங்கம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே அவனுக்கு மறந்திருக்கும். உன் அறையைப் பற்றி அவனுக்கு ஓட்டு உண்டு, உனக்குக் கிடையாது. விதியை மாற்றச் சொல்லி நீ இரண்டு கட்சியிடமும் போனாய். கோ தேன், "இப்ப இல்ல அக்கா, புதுக் கட்டடம் வரட்டும், எல்லாத்தையும் புதுசாப் பண்ணிடலாம்" என்றார். சிவசாமி அண்ணன், "மரபை ஒரே நாளில் மாத்த முடியாதும்மா" என்றார். அந்த ஓட்டு முழுவதிலும் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

இரண்டு கட்சியும் என் கடைக்குத்தான் வந்தன. சுற்றுவட்டாரத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். விலங்கியல் பட்டம் வாங்கியதற்கு அந்த மூன்று மாதத்தில்தான் உண்மையான பயன் கிடைத்தது. காலையில் ஒரு இனம், மாலையில் ஒரு இனம் என்று என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

வேண்டும் கட்சிக்குத் தலைவர் கோ தேன். கைப்பேசிக் கடைகள் வைத்திருப்பவர், கோவிலில் மட்டும் மாணிக்கம். அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் நம் ஆட்களா இது என்று இருக்கும். தெருவாரியாக வீடுகளைப் பிரித்து, பத்து வீட்டுக்கு ஓர் ஆளைப் போட்டார். யார் வீட்டில் நடக்க முடியாத கிழவர் இருக்கிறார், யாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட், யாருக்கு யார் சொன்னால் கேட்கும் என்று எல்லாம் அவர் கைப்பேசியில் இருந்தது. துண்டறிக்கை முழுக்கப் பர்மிய மொழியில், பத்து வரிக்கு மேல் கிடையாது. முகநூலில் ஒரு நிமிட வீடியோ. லைங் தாயாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவர, தொழிற்சாலைகளுக்கு ஓடும் ஃபெர்ரி பஸ்களை முன்கூட்டியே பேசிவைத்தார். எல்லாம் தெரிந்து வைத்திருந்த மனிதருக்கு, மூன்றாம் மாடியில் இருக்கும் ஆறு குடும்பமும் மாவ்பியில் எப்படிப் பிழைக்கும் என்பது மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகப் படவில்லை.

பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் படம் ஒன்று வேண்டும் என்றார். இணையத்தில் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஏதோ வெளிநாட்டுக் கட்டிடம். வாசலில் இந்த ஊர் மண்ணில் முளைக்காத மரங்கள். அதன் முன்னால் ஒரு குடும்பம் நடந்து போகிறது, ஒருவர்கூட நம் நிறமில்லை.

"இவங்களைக் கொஞ்சம் கறுப்பாக்கவா?" என்று கேட்டேன்.

"வேணாம் மா சான், அப்படியே இருக்கட்டும். நம்ம ஆளுங்களுக்கு இப்படி இருந்தாத்தான் நம்பிக்கை வரும்."

என்னை என் அடையாள அட்டைப் பெயரால்தான் கூப்பிடுவார். வேண்டாம் கட்சித் தலைவர் சிவசாமி அண்ணனுக்கு நான் செல்வி. கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் கட்சிக்கு ஒரு தலைவர், ஏழு துணைத் தலைவர்கள். வீடு வீடாகப் போக ஓர் ஆள் கிடையாது. ஏனென்றால் துணைத் தலைவர் ஒருவர் படியேறிப் போய்க் கதவைத் தட்டுவது மரியாதைக்குக் குறைவு. அதற்குப் பதிலாக ஞாயிறுதோறும் கூடத்தில் கூட்டம். ஏற்கெனவே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தவர்கள் வந்து உட்கார்ந்து, வேண்டாம் என்று பேசுவதைக் கேட்டுக் கைதட்டி, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் துண்டறிக்கையை அடித்துக் கொடுத்தவளும் நான்தான். நாலு பக்கம், பொடி எழுத்து, படம் கிடையாது. முதல் பக்கம் முழுக்க வணக்கம். இரண்டாம் பக்கம் முன்னோர் பெருமை. கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி மூன்றாம் பக்கத்தின் கடைசியில்தான் வருகிறது. "அண்ணே, சின்னவங்களுக்குத் தமிழ் படிக்க வராது. கூடவே பர்மியில ஒரு பக்கம் போடலாமே" என்றேன்.

"தமிழைக் காப்பாத்தத்தானே செல்வி இந்தக் கட்டடத்தையே காப்பாத்துறோம்? அதுல பர்மிய எழுதினா எப்படி?"

உன் எதிர் அறையில் இருந்த கல்லூரிப் பெண்ணிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். அவள் வீடும்தான் போகப் போகிறது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூஜைப் பத்திரிகையா ஆன்ட்டி? எந்தத் தேதி?" என்று கேட்டாள். நீ அதைக் கேட்டுவிட்டு, "தேதி இன்னும் குறிக்கலடி, கருமாதிக்குத்தான்" என்றாய்.

படத்தின் கதைக்கு வருகிறேன். கோ தேனின் பெரிய ஃப்ளெக்ஸ் தெருவில் ஏறியதும் சிவசாமி அண்ணனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நாமும் ஒரு படம் போட வேண்டும், வீடிழக்கும் ஓர் ஏழைப் பெண்ணின் படம் என்றார். "மேல தையல்காரப் பொண்ணு இருக்குல்ல, அதோட படம் ஒண்ணு உன்கிட்ட இருக்கும்ல?" நான் கைப்பேசியைக் காட்டினேன். உன்னிடம் கேட்டுவிட்டுக் காட்டியிருக்க வேண்டும். கேட்கவில்லை. உனக்காகச் செய்கிற வேலைதானே என்று நினைத்தேன்.

"சிரிக்காத படம் இல்லையாம்மா?"

"இல்லண்ணே. அவ படத்துல சிரிக்காம இருந்ததே இல்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையை உன் வாய்க்குக் குறுக்கே வைத்து மறைத்தார். "இப்பப் பாரு" என்றார். பார்த்தேன். வாயை எடுத்துவிட்டால், வெயிலுக்குச் சுருக்கிய உன் கண்கள் அழுதுகொண்டிருந்தன. தன் அரசியல் வாழ்வில் அவர் கண்டுபிடித்த ஒரே விஷயம் அதுதான். அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில். அங்கேயே வெட்டச் சொன்னார். வெட்டினேன்.

ஒரு வாரம் கழித்துக் கோ தேன் வந்தார். "அந்த அக்கா படம் முழுசா இருக்கா மா சான்?" என்றார். அவர் ஆட்களுக்கு வாய் எங்கே போனது என்று சந்தேகம் வந்திருக்கிறது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குப் பக்கத்தில் கடை முதலாளியம்மா உட்கார்ந்திருந்தார். எடுத்துக் கொடுத்தேன். முழு முகம், வாய் கொள்ளாத சிரிப்பு, பக்கத்தில் திறந்த லிஃப்ட் கதவு. 'இனி படியேற வேண்டாம்' என்று பர்மிய மொழியில் ஒரு வரி. மாவ்பியில் தரை வீடு பார்த்து வைத்திருக்கும் பெண்ணுக்கு லிஃப்ட்.

அன்று சாயங்காலம் இரண்டு கிண்ணம் மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு உன் அறைக்கு வந்தேன். ஜன்னலைத் திறந்தால் தெருவின் இந்தப் பக்கம் உன் கண், அந்தப் பக்கம் உன் முழு முகம். நீ ஒரு பட்டனைப் பல்லில் கடித்துக்கொண்டு நூல் கோத்துக்கொண்டிருந்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ பட்டனைத் துப்பிவிட்டு, "அவருக்கு என் கண்ணு, இவருக்கு என் பல்லு. மிச்சம் இருக்கறத நான் வச்சுக்கலாமாடி, இல்ல அதுக்கும் யாராவது வருவாங்களா?" என்றாய். இருவரும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். பிறகு நீ அறையைச் சுற்றிப் பார்த்தாய். "எனக்கு மாவ்பி ஆகாது செல்வி. அங்க யாருக்கு என்னைத் தெரியும்" என்றாய். அந்த மூன்று மாதத்தில் நீ பயப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீ போனாய். உன் கண்கள் பெரிதாகத் தொங்கிய மேடைக்குக் கீழே, பின்வரிசையில் நாம் இருந்தோம். இரண்டு மணி நேரம் பேச்சு. முடிவில் நீ எழுந்து, "அண்ணே, இங்க வராதவங்ககிட்ட யார் போய்ப் பேசறது? லைங் தாயாவுல நம்ம வீடு எத்தனையோ இருக்கு. எனக்கு எல்லாரையும் தெரியும். நான் போறேன்" என்றாய். கூட்டம் திரும்பிப் பார்த்தது. சிவசாமி அண்ணன் மேலே உன் படத்தைக் காட்டி அன்பாகச் சிரித்தார்.

"உன் முகம் பேசுது தங்கச்சி. நீ பேச வேணாம். உக்காரு."

நீ உட்கார்ந்தாய். நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்தது. இந்த ஆள் எவ்வளவு பெரிய முட்டாள், இவன் விழுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசைதான் பிறகு வேலையைக் கெடுத்தது.

உறுப்பினர் பதிவேட்டின் கதை உனக்குத் தெரியும். நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். வீட்டிலும் கோவிலிலும் ஒன்று, அட்டையிலும் பள்ளியிலும் தொழிற்சாலையிலும் ஒன்று. சங்கத்தின் பழைய பதிவேடு தமிழ்ப் பெயரில் இருந்தது. ஓட்டுக்கு முந்தின வருடம் அரசாங்கத்தில் கொடுப்பதற்காக அதைப் பர்மிய மொழியில், அட்டைப் பெயரில், புது எண் போட்டு எழுதிவிட்டார்கள். ஓட்டுக்கு இதுதான் கணக்கு என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம். குழுவில் ஒருவரான சிவசாமி அண்ணன் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். பர்மிய மொழியில் இருந்ததால் படிக்காமல் போட்டார்.

ஓட்டுக்கு முந்தின வாரம் கோ தேன் அந்தப் புதுப் பதிவேட்டை என்னிடம் கொண்டுவந்து, தெருவாரியாகப் பெரிய தாளில் அச்சடிக்கச் சொன்னார். தன் ஆட்கள் எல்லோரும் அட்டையோடு வர வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டார். மறுநாள் சிவசாமி அண்ணன் தன் ஆதரவாளர்களுக்குச் சீட்டு அடிக்க வந்தார். ஒவ்வொரு சீட்டிலும் தமிழ்ப் பெயர், தகப்பனார் பெயர், பூர்வீக ஊர், பழைய பதிவேட்டின் எண். அழகான பார்டர் வேண்டும் என்று கேட்டார். "இதைக் காட்டினாப் போதும், கார்டெல்லாம் எதுக்குன்னு சொல்லிட்டேன். நம்ம சங்கத்துல நம்மளுக்கு எதுக்குக் கார்டு?"

என் திரையில் இரண்டு பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. அவர் பட்டியலில் இருக்கும் ஒரு பெயர்கூட மற்றதில் இல்லை. நான் வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும். அவருக்குச் சொல்லப் பிடிக்கவில்லையென்றால் படியேறி வந்து உனக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு கட்சியின் வேலையை இன்னொரு கட்சிக்குச் சொல்வது கடைக்குத் துரோகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னாலும் கேட்க மாட்டார், பர்மிய மொழியில் ஒரு பக்கம் போடச் சொன்னதைக் கேட்டாரா என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டுமே உண்மைதான், இரண்டுமே காரணமில்லை. அந்தச் சீட்டுகளோடு அவர் மேசை முன்னால் நின்று முழிக்கும் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதனால் கேட்ட பார்டரைப் போட்டுக் கொடுத்தேன். மாங்காய் பார்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஃபெர்ரி பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. கூடத்துக்கு வெளியே கோ தேனின் ஆட்கள் பந்தல் போட்டு டான்பாவ் பிரியாணி கிளறினார்கள். அவருடைய ஆட்கள் அட்டையைக் கையில் பிடித்து வரிசையாக உள்ளே போய், பச்சைச் சீட்டை உண்டியலில் போட்டுவிட்டு, வெளியே வந்து தட்டு வாங்கினார்கள். வேண்டாம் கட்சியின் ஏழு துணைத் தலைவர்களும் சால்வை போட்டு வாசலில் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மாட்டியவர் முருகேசன் அண்ணன். ரயிலில் வேலை பார்த்தவர். மாங்காய் பார்டர் போட்ட சீட்டை நீட்டினார். மேசையில் இருந்தவர் எண்ணைத் தேடினார். "இந்த நம்பர்ல ஊ கின் மேன்னு ஒரு பேர் இருக்கு. அது நீங்களா?" என்று கேட்டார். வரிசையில் அந்தப் பெயர்க்காரரே நின்றிருந்தார். சிரிப்பு. முருகேசன் அண்ணன், "என் சங்கத்துல என் பேர் இல்லையா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சீட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். அட்டை வீட்டில் இருக்கிறது. வீடு லைங் தாயாவில். திரும்பிப் போய் வருவதற்குள் பகல் முடிந்துவிடும்.

சிவசாமி அண்ணன் முழித்தார். நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். தூணோரம் நின்று பார்த்தேன். ஆசைப்பட்டது போலவே இருந்தது. அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் நீடித்தது என்றால், மாடிப்படியில் உன் செருப்புச் சத்தம் கேட்கும்வரை.

நீ உன் அளவு நோட்டோடு இறங்கி வந்தாய். யாருக்குத் தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று நீ எழுதி வைத்திருந்த நோட்டு. தொழிற்சாலை விலாசத்துக்குத் துணி அனுப்ப வேண்டியவர்களுக்கு அட்டைப் பெயர், வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தமிழ்ப் பெயர், ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டும் இருந்தன. மேசைக்கு நேரே போய் நின்றாய். "இவர் முருகேசன். கார்டுல கோ மின் சோ. அப்பா பேரு ஊ பா தின். தெரு மாறல. பாருங்க" என்றாய். மேசைக்காரர் விரலை ஓட்டினார். இருந்தது. முருகேசன் அண்ணன் மஞ்சள் சீட்டைப் போட்டார். அடுத்தவர். அதற்கடுத்தவர். நீ பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனாய். வரிசை நகர்ந்தது. இந்த ஊரில் நம் ஆட்கள் அத்தனை பேரின் இரண்டு பெயரும் தெரிந்த ஒரே மனுஷி, அவர்கள் கூட்டம் போட்ட கூடத்துக்கு நேர் மேலே மூன்று மாதமும் உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது கண்ணை மட்டும்.

கோ தேன் சத்தம் போடவே இல்லை. மேசையருகில் வந்து, ரொம்பத் தன்மையாக, "அக்கா மெம்பர் இல்லையே. மெம்பர் இல்லாதவங்க சாட்சி சொல்லலாமா? நான் தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்" என்றார். மேசைக்காரர் சிவசாமி அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "உங்க தரப்பு சாட்சின்னு நீங்க ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபம் இல்ல. சொல்லுங்க."

ஒரு 'ஆமாம்' போதும். கூடமே அவரைப் பார்த்தது. மூன்று மாதம் அவர் உட்கார வைத்த ஒரு பெண் அவர் கட்சியைத் தூக்கி நிறுத்துவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"சட்டம்னா சட்டம்" என்றார். "நாம நேர்மையா நடப்போம். நீ மேல போம்மா."

நீ நோட்டை மூடினாய். போகும்போது கூட்டத்தில் என்னைத் தேடினாய். பார்த்தாய். நான் தூணோரத்திலிருந்து நகரவில்லை.

வேண்டும் கட்சி ஜெயித்தது; கோவில் விருந்தில் ஒரு பந்திக்கு உட்காரும் அளவு ஆட்கள்தான் வித்தியாசம். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இரண்டு பந்திக்கு இருப்பார்கள். மறுநாள் சிவசாமி அண்ணன் கடைக்கு வந்து நன்றி அறிவிப்பு ஒன்று அடிக்கச் சொன்னார். தோற்றாலும் அறம் வென்றது என்று தொடங்கியது. உன் படத்தையே மறுபடி போடலாமா என்று கேட்டார். கோ தேன் உனக்கு ஒரு பூக்கூடை அனுப்பினார். கூடவே, கூடையைக் கொடுக்கும்போது படம் எடுக்க ஓர் ஆளையும் அனுப்பினார். நீ கதவைத் திறக்கவில்லை. கூடை வாசலிலேயே வாடியது. அவரை நான் இப்போதும் காரில் பார்க்கிறேன், கண்ணாடியை இறக்கிக் கை காட்டுகிறார். கட்டிடத்தை இடித்தார்கள், பள்ளம் தோண்டினார்கள், காண்டிராக்டர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பள்ளத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது. சிவசாமி அண்ணன் அதைக் காட்டி, "நான் அப்பவே சொன்னேன்" என்கிறார். நாலு பக்கத்தில் சொன்னார், உண்மைதான்.

மாவ்பியில் உன் வீடு சந்தைக்குப் பின்னால். ஜன்னல் வேறு ஒரு சுவரைப் பார்த்து இருந்தது. அங்கே ரவிக்கை தைக்க ஆளில்லை. நீ அரிசி மூட்டைகளுக்கு வாய் தைத்தாய். சர்க்கரைக்கு மருந்து வாங்க ஊருக்கு வர வேண்டும். பஸ்ஸில் கால் வீங்கும் என்று வாராவாரம் தள்ளிப் போட்டாய். காலில் வந்த புண்ணை எனக்குக் காட்டவேயில்லை. நான் மாதம் ஒரு தடவை வந்து, இரண்டு கட்சியையும் திட்டிவிட்டுப் போனேன். கோ தேன் மாதிரி பேசிக் காட்டுவேன், சிவசாமி அண்ணன் மாதிரிக் கண்ணாடி மாட்டிக் காட்டுவேன். நீ சிரிப்பாய். ஓட்டுக்கு முந்தின வாரத்தைப் பற்றி மட்டும் நான் பேசவே இல்லை.

கடைசியாக வந்த அன்று எனக்கு ஒரு ரவிக்கைத் துணி கொண்டுவந்தேன். உனக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று. நீ டேப்பை எடுத்து என் முதுகுப்பக்கம் வந்து நின்றாய். முகம் தெரியாததால் எனக்குத் தைரியம் வந்தது. "அந்த ரெண்டு லிஸ்ட்டையும் நான்தான் அடிச்சேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கே. அந்த பார்டர் உன்னோடது. என் தங்கச்சி கல்யாணப் பத்திரிகைக்கும் அதைத்தானே போட்டே." டேப் என் தோளில் இறங்கியது. நீ அளவைப் படித்துவிட்டு, எழுதிக்கொண்டு, பிறகு சொன்னாய். "அவங்க ரெண்டு பேருக்கும் என்னைத் தெரியாதுடி. உனக்குத் தெரியும்."

கோபமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று நீ சொல்லிவிடுவாய் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். நாற்பது வயதுக்கு மேல் வருகிற சிநேகிதிகள் அப்படித்தான் சொல்வார்கள். வெளியே சந்தையில் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"இருக்கு" என்றாய். "கைய நீட்டு."

அந்த இருவரையும் இன்னும் என்னால் மரியாதையாக நினைக்க முடியவில்லை. முயற்சி செய்வதாகவும் இல்லை. ஆனால் அவர்களைப் பார்த்து உதட்டைச் சுழிக்கும்போதெல்லாம் உன் குரலில் அந்த ஒரு சொல் வருகிறது. நீ எனக்காக விட்டுப் போனது அது. இறக்கி வைக்கச் சொல்லி நீ சொல்லவில்லை, நானும் இறக்கி வைக்கவில்லை.

அன்று நான் கையை நீட்டினேன். நீ தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தாய். ஒரு தடவைக்கு இரண்டு தடவை, எப்போதும் போல.